எஃப்சி, ஈஃபுட்பால், ஃபுட்பால் மேனேஜர்: சேலத்துக்கு எது, ஏற்காட்டுக்கு எது?

ஈஏ நிறுவனத்தின் எஃப்சி என்ற கால்பந்து வீடியோ கேம் ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசி வாரத்தில் வெளிவருகிறது. எஃப்சி 24 வந்தது 2023 செப்டம்பர் 29. எஃப்சி 25 வந்தது 2024 செப்டம்பர் 27. எஃப்சி 26 வந்தது 2025 செப்டம்பர் 26. காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு லீவு விடுவதும் அதே சமயத்தில்தான் என்பதால் வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். முழு விலையில் மூவாயிரம் ரூபாயைத் தாண்டும் ஆட்டத்தை வாங்கித் தருவதா, கொனாமி நிறுவனம் காசில்லாமல் தரும் ஈஃபுட்பாலே போதுமா, பந்தை உருட்டுவதைவிட அணியை நடத்துவதில்தான் ஆசை என்றால் ஃபுட்பால் மேனேஜர் பக்கம் போவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றுமே நல்ல ஆட்டங்கள். எந்த வீட்டுக்கு எது என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. யாரோடு ஆடப்போகிறார்கள் என்பது முதலாவது: பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் தம்பியோடா, நெட்டில் வரும் முகம் தெரியாத ஆளோடா, தனியாகவா? வீட்டில் நெட்டும் கரண்டும் எப்படி என்பது அடுத்தது. கிராஃபிக்ஸ் பேச்சை இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அஸ்தம்பட்டியில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டுக்குப் பொருந்துவது, நாகலூர் பக்கம் எஸ்டேட் வீட்டில் ஒற்றைக் கோடு சிக்னலை வைத்துக்கொண்டு இருப்பவருக்குச் சரிவராது.

கூடி ஆடும் வீடு

சொந்தக்காரப் பிள்ளைகள் வந்து கூடும் வீடு என்றால் எஃப்சிக்கு ஈடில்லை. இரண்டு அணிகளை எடுத்து உடனே மோதும் கிக் ஆஃப் பகுதிக்கு நெட் வேண்டாம், பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டாம், முன்கூட்டி எதையும் சேர்த்து வைத்திருக்கவும் வேண்டாம். எஃப்சி 26-இல் 750-க்கும் மேற்பட்ட கிளப்புகளும் நாட்டு அணிகளும் இருக்கின்றன, லீக்குகள் 35-க்கு மேல். ஒருவர் லிவர்பூலை எடுக்கலாம், இன்னொருவர் ரியல் மாட்ரிடை எடுக்கலாம். முதல்முறை கன்ட்ரோலர் பிடிக்கும் சின்னப் பையனுக்கு ஐந்து ஸ்டார் அணியைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் மூன்று ஸ்டார் அணியோடு இறங்கலாம். அந்தச் சமன் ஆட்டத்தைச் சுவையாக்கும்.

நேரக் கணக்கை முன்னாலேயே பேசி வையுங்கள். பாதிக்கு 6 நிமிடம் வைத்தால் இடைவேளை, ரீப்ளே, கூடுதல் நேரம் எல்லாம் சேர்ந்து ஓர் ஆட்டம் 15 நிமிடத்தை நெருங்கும். ஆறு பேர் இருந்து, தோற்றவர் எழுந்துகொள்ளும் முறையில் ஆடினால் கடைசி ஆளுக்கு முறை வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் சண்டை வரும். பாதியை 4 நிமிடமாகக் குறைத்தால் ஓர் ஆட்டம் 10 நிமிடத்தில் முடியும், காத்திருப்பு 40 நிமிடமாகும். மணிக்குக் காசு கட்டி ஆடும் கேமிங் சென்டரிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு உட்காருவது நல்லது.

கூடுதல் கன்ட்ரோலர் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கன்சோலின் பழைய கன்ட்ரோலர் பிஎஸ்5-இல் பிஎஸ்5 ஆட்டங்களுக்கு வேலை செய்யாது. பிஎஸ்4 ஆட்டங்களுக்கு மட்டும் வேலை செய்யும். வீட்டில் பழைய கன்ட்ரோலர்கள் கிடக்கின்றன என்றால், பிஎஸ்5-இலேயே எஃப்சியின் பிஎஸ்4 பதிப்பை ஏற்றி அவற்றை வைத்து நான்கு பேர் ஆடலாம். அசைவுகளின் நயம் அந்தப் பதிப்பில் குறைவுதான். நான்கு பேர் சேர்ந்து ஆடும்போது அது யாருக்கும் கண்ணில் படாது.

ஈஃபுட்பாலிலும் ஒரே கன்சோலில் இருவர் ஆடலாம். ஆனால் எடுத்துக்கொள்ளும் அணிகளின் பட்டியல் எஃப்சியின் பக்கத்தில்கூட வராது. அந்த ஆட்டத்தின் உயிர் டிரீம் டீமில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் கணக்கில், தன் ஃபோனிலோ கன்சோலிலோ, மாதக்கணக்கில் சேர்த்து வளர்த்த அணி அது. ஊர்விட்டு ஊர் வந்த தம்பி அதைக் கையோடு கொண்டுவந்து உங்கள் டிவியில் இறக்க முடியாது.

ஒரு ஆட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் முதல் வாரம் தடுமாறுவது பட்டன்களில். எஃப்சியில் வட்டம் கோலுக்கு உதைக்க, சதுரம் உயரப் பந்துக்கு. ஈஃபுட்பாலில் சதுரம் கோலுக்கு, வட்டம் உயரப் பந்துக்கு. எஃப்சியில் ஓட ஆர்2, ஈஃபுட்பாலில் ஆர்1. இதனால்தான் ஒன்றில் கை பழகியவர் மற்றதில் கோல் கீப்பர் முன்னால் தனியாக நின்றுகொண்டு பந்தைக் கிராஸ் அடிக்கிறார். இரண்டிலும் அமைப்புகளுக்குள் போய் பட்டன் வரிசையை மாற்றலாம். எஃப்சியில் ஆல்டர்னேட் என்ற வரிசை பிஇஎஸ் (ஈஃபுட்பாலின் பழைய பெயர்) ஆடிய பழைய கைக்காரர்களுக்கு ஏற்றது. ஒரே கன்சோலில் பலர் ஆடினால் ஆட்டம் தொடங்குமுன் பக்கம் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே அவரவர் வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தி மாற்றினால் எதிராளி ஒத்துக்கொள்ளமாட்டார்.

ஆட்டத்தின் நடையும் புதிதாக வந்தவையும்

எஃப்சி வேகமான ஆட்டம். பந்து காலில் ஒட்டி ஓடும், பாஸ் சீக்கிரம் போய்ச் சேரும், கோல் நிறைய விழும். ஈஃபுட்பாலில் உடல் எடை தெரியும். ஆள் திரும்ப நேரமெடுப்பார், முதல் தொடுதல் சரியில்லை என்றால் பந்து காலைவிட்டு விலகும், ஒரு கோலுக்கு உழைக்க வேண்டும். மாலையில் காந்தி ஸ்டேடியத்தில் நிஜமாகப் பந்து உதைக்கிற பையன்களுக்கு ஈஃபுட்பாலின் நடை சீக்கிரம் பிடித்துவிடும். இடம் பார்த்து நிற்பது, பந்து வருமுன் உடலைத் திருப்பி வைப்பது என்று மைதானத்தில் பயிற்சியாளர் சொல்லும் விஷயங்களுக்கு அங்கே நேரடிப் பலன் உண்டு.

எஃப்சி 26 தன் இந்த அதிவேகத்தைச் சரிசெய்ய ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது. ஆட்டத்தின் நடையை அதெண்டிக், காம்படிட்டிவ் என இரண்டாகப் பிரித்துவிட்டது. பருவம் பருவமாகத் தனியாக ஆடும் கரியர் மோடுக்கு நிதானமான அதெண்டிக், ஆட்டக்காரர் அட்டைகளைச் சேர்த்து நெட்டில் ஆடும் அல்டிமேட் டீம், நண்பர்களோடு நெட்டில் ஆடும் கிளப்ஸ் ஆகியவற்றுக்கு விரைவான காம்படிட்டிவ். முன்பெல்லாம் நெட்டில் ஆடுபவர்கள் குறை சொன்னால் ஒரு அப்டேட் வரும், அது கரியர் ஆட்டத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். இப்போது ஒன்றைத் தொட்டால் மற்றது அசையாது. தனியாக ஆடுபவர்களுக்கு, பல ஆண்டுகளில் கிடைத்த மிக உருப்படியான மாற்றம் இதுதான். ஆனால் கரியரிலேயே கை பழகியவர் நேராக அல்டிமேட் டீமுக்குப் போனால் திணறுவார். அங்கே ஓட்டமும் பாஸும் கோல் கீப்பரின் எதிர்வினையும் வேறு. நெட்டில் ஆடும் எண்ணம் இருந்தால் கிக் ஆஃபில் காம்படிட்டிவ் வைத்துச் சில நாள் பழகிவிட்டுப் போக வேண்டும்.

எஃப்சி 25-இல் வந்து இன்றும் தொடர்வது எஃப்சி ஐக்யூ என்ற வியூக அமைப்பு. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வேலையைக் கொடுக்கிறோம். ஃபுல் பேக்கை வெறும் ஃபுல் பேக்காக நிறுத்தலாம். விங் பேக், அட்டாக்கிங் விங் பேக் என்று முன்னால் அனுப்பலாம். ஃபால்ஸ் பேக் என்று நடுக்களத்துக்குள் இழுக்கலாம். எந்த வேலைக்கு அந்த ஆள் பழக்கமானவரோ அதன் பக்கத்தில் ஒற்றைக் கூட்டல் குறி அல்லது இரட்டைக் கூட்டல் குறி இருக்கும். குறி இல்லாத வேலையைக் கொடுத்தால் அவர் ஓடுவார், ஆனால் தவறான நேரத்தில் ஓடுவார்.

புதியவர்கள் பெரும்பாலும் கோல் வாங்குவது இந்த அமைப்பைத் தவறாகப் போடுவதால்தான். நாலு-மூணு-மூணு போட்டு, இரண்டு ஃபுல் பேக்குகளுக்கும் அட்டாக்கிங் விங் பேக் கொடுத்து, டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரையும் சுற்றித் திரியவிட்டால் பின்னால் இரண்டே பேர்தான் மிச்சம். பந்தை இழந்த அடுத்த நொடி எதிரணி ஒரு நீளப் பாஸில் வந்துவிடும். திறமையான வீரர்களை வாங்கினாலும் இது தீராது. ஒரு பக்க ஃபுல் பேக்கை டிஃபெண்ட் நிலையில் நிறுத்தி, டிஃபென்சிவ் மிட்ஃபீல்டருக்கு ஹோல்டிங் வேலையும் டிஃபெண்ட் நிலையும் கொடுத்துப் பாருங்கள், எதிரணி திடீரென்று பாய்ந்து வரும் கவுன்டர் நன்றாகக் குறையும். சரியாக அமைந்த வியூகத்தை ஒரு குறியீடாக எடுத்து நண்பருக்கு அனுப்பலாம். அவர் அதைத் தட்டினால் அதே அமைப்பு அவரிடமும் வந்துவிடும்.

ரஷ் என்ற சிறிய ஆட்டமும் எஃப்சி 25-இல் வந்ததுதான். அணிக்கு ஐந்து பேர், கோல் கீப்பரைக் கணினி பார்த்துக்கொள்ளும், மற்ற நால்வரை நான்கு மனிதர்கள் ஆடலாம். முரட்டு ஆட்டத்துக்கு நீல அட்டை, ஒரு நிமிடம் வெளியே. ஆஃப்சைடு மைதானத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும். ஊர் ஊராகப் பிரிந்துபோன பள்ளி நண்பர்கள் இரவில் அரை மணி நேரம் சேர்ந்து ஆட இதைவிடச் சிறந்தது இப்போது கிடையாது. முழு மைதானத்தில் பதினோரு பேராக ஆடும் கிளப்ஸ் பகுதிக்கு எஃப்சி 26-இல் ஆர்க்கிடைப் என்ற பிரிவுகள் வந்திருக்கின்றன. ஒரே ஆட்டக்காரர் எல்லாவற்றிலும் வல்லவராக வளர முடியாதபடி அவை தடுக்கின்றன, அதனால் அணிக்குள் ஆளுக்கொரு வேலை என்ற நிலை உண்மையாகவே உருவாகிறது.

ஈஃபுட்பாலில் வியூகம் பயிற்சியாளர் வழியாக வருகிறது. பந்தைக் கையில் வைத்து ஆடுவது, விரைந்து பாய்வது, நீளப் பந்தில் பாய்வது, ஓரம் வழியே போவது, நீளப் பந்து என்று ஐந்து பாணிகள். பயிற்சியாளருக்கு ஒவ்வொரு பாணியிலும் ஒரு தேர்ச்சி எண் உண்டு. காசையெல்லாம் முன்கள நட்சத்திரங்களில் கொட்டிவிட்டு, தேர்ச்சி குறைந்த பயிற்சியாளரை வைத்துக்கொண்டு "எல்லாரும் மெதுவா ஓடறாங்க" என்று புலம்புவது பரவலான தவறு. முதலில் பாணியை முடிவு செய்யுங்கள், பிறகு அந்தப் பாணியில் தேர்ச்சி உயர்ந்த பயிற்சியாளரை எடுங்கள், ஆட்டக்காரர்கள் கடைசியில். ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் வளர்ச்சிப் புள்ளிகளையும் தானாகப் பிரிக்கவிடாமல் கையால் பிரியுங்கள். சென்டர் பேக்குக்கு ஷூட்டிங் புள்ளி ஏறி என்ன பயன்?

யார் அணி யாரிடம்

இங்கிலாந்து பிரீமியர் லீக், ஸ்பெயினின் லா லீகா, சாம்பியன்ஸ் லீக் இவையெல்லாம் உண்மையான பெயர், சட்டை, சின்னத்தோடு எஃப்சியில். 2023-24 முதல் லா லீகாவின் பெயரிலேயே ஈஏ ஸ்போர்ட்ஸ் இருக்கிறது. ஆனால் இத்தாலி ரசிகர்கள் ஏமாறக்கூடாது. எஃப்சி 25-இல் ஏசி மிலனும் இன்டரும் மிலானோ எஃப்சி, லொம்பார்டியா எஃப்சி என்ற மாற்றுப் பெயர்களில்தான் வந்தன, ஏனென்றால் அவற்றின் உரிமை கொனாமியிடம் போய்விட்டது. பார்சிலோனா, பயர்ன் மியூனிக், மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் போன்ற கிளப்புகளோடும் கொனாமிக்கு ஒப்பந்தம் இருக்கிறது. மாறாக ரியல் மாட்ரிட் ஈஃபுட்பாலில் சொந்தப் பெயரில் இல்லை.

நம் இந்தியன் சூப்பர் லீக் இந்த வரிசையில் முதன்முதலாக வந்தது, எஃப்சிக்கு ஃபிஃபா என்று பெயர் இருந்த காலத்தில், ஃபிஃபா 22-இல். 2015-இலும் 2017-18-இலும் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சி கிளப்பை எடுத்துக்கொண்டு ஐரோப்பிய அணிகளோடு மோதிப் பார்க்க அதில் வழி பிறந்தது. ஆனால் ஃபிஃபா என்ற பெயரில் வந்த பழைய ஆட்டங்களை 2023-இல் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஃபிஃபா 22, 23 இப்போது வேண்டுமென்றால் பழைய டிஸ்க்தான் ஒரே வழி. பிஎஸ்5 டிஜிட்டல் பதிப்பில் டிஸ்க் போடும் இடமே இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

மலைமேல் இருப்பவர்கள்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கணக்கே மாறிவிடுகிறது. ஏற்காடு டவுனில் சமாளிக்கலாம். மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, செம்மடுவு என்று உள்ளே போகப்போக ஃபோன் சிக்னலை நம்பித்தான் நெட். மழையும் இடியும் வந்தால் கரண்டும் நிலையில்லை.

நெட்டில் ஆடும் கால்பந்துக்கு வேகத்தைவிட நிலைத்தன்மை முக்கியம். 100 எம்பிபிஎஸ் இருந்தாலும் பிங் (சிக்னல் போய்வர ஆகும் நேரம்) ஏறி ஏறி இறங்கினால் பட்டனை அழுத்திக் கால் விநாடி கழித்துப் பாஸ் போகும். அதற்குள் எதிராளி வந்துவிடுவார். ஈஃபுட்பாலில் இரண்டு ஆட்டக்காரர்களின் இணைப்பும் நேரடியாகக் கோக்கப்படுவதால் ஒருவர் நெட் மோசமானாலும் இருவரும் தத்தளிப்பார்கள். எதிராளியின் இணைப்புக் கோடுகள் திரையில் தெரியும்போது அவை நிறைந்திருந்தால் மட்டும் சம்மதம் கொடுங்கள். சேலத்து வீடுகளில் ரௌட்டர் ஒரு அறையிலும் டிவி இன்னொரு அறையிலும் இருந்தால் லேன் கேபிள் இழுத்துவிடுவது, விலை கூடிய நெட் திட்டம் போடுவதைவிட அதிகப் பலன் தரும்.

மலையில் ஈஃபுட்பாலும் ஃபோனில் ஆடும் எஃப்சி மொபைலும் சரிவராததற்குக் காரணம் எளிது. அவற்றின் முக்கியப் பகுதிகள் நெட் இல்லாமல் திறக்காது. அங்கே பொருந்துவது எஃப்சியின் கரியர் மோடு, இல்லையென்றால் ஃபுட்பால் மேனேஜர். கரியரிலும் எஃப்சி 26-இல் வந்த மேனேஜர் லைவ் சவால்களுக்கு நெட் வேண்டும், மற்றபடி முழுப் பருவத்தையும் நெட் இல்லாமல் ஆடலாம்.

ஆட்டத்தை இறக்குவதுதான் பெரும்பாடு. 50 ஜிபி கொண்ட ஆட்டம் 50 எம்பிபிஎஸ் இணைப்பில் இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கும். 5 எம்பிபிஎஸ் என்றால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். கன்சோலையே ஒரு முறை சேலத்துக்குக் கொண்டுபோய், தெரிந்தவர் வீட்டு ஃபைபரில் ஆட்டத்தையும் அப்டேட்டையும் இறக்கிக்கொண்டு ஏறுவது நல்ல வழி. டிஸ்க் வாங்கினால் பெரும்பகுதி டிஸ்கிலிருந்தே ஏறும், ஆட்டக்காரர் பட்டியல் மட்டும் வெளியீட்டு நாள் நிலையில் இருக்கும். கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய ஆட்டம் என்றால், சேலத்தில் ஏற்றிய ஆட்டத்தின் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிரைவில் நகலெடுத்து, மலையில் உள்ள கணினியில் அதே இடத்தில் வைத்துவிட்டு இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். ஸ்டீம் இருப்பதைச் சரிபார்த்து மிச்சத்தை மட்டும் இறக்கிக்கொள்ளும். மலையேறுமுன் ஒரு முறையாவது நெட்டோடு ஆட்டத்தைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் முதல் உரிமச் சரிபார்ப்பிலேயே நின்றுவிடும்.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் கூடாது. சேமிக்கும் குறி சுழன்றுகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மூன்று பருவம் ஆடிய கரியர் கோப்பு திறக்காமல் போகலாம். இரண்டு பெயர்களில் மாற்றி மாற்றிச் சேமியுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றது ஒரு வாரம்தான் பின்தங்கியிருக்கும். பிஎஸ்5 ஆட்டத்தின்போது சுமார் 200 வாட் இழுக்கும், நடுத்தர டிவி இன்னொரு 80 வாட். 600 விஏ யுபிஎஸ் இதைச் சில நிமிடம் தாங்கும். சேமித்துவிட்டு அணைக்க அது போதும். நெட்டில் ஆடுபவர்கள் ரௌட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் செருக வேண்டும். இல்லையென்றால் டிவி ஓடிக்கொண்டிருக்கும், நெட் போய் ஆட்டம் தோல்வியில் எழுதப்படும்.

கணினியில் ஆடுபவர்கள் வாங்குமுன் பார்க்க வேண்டியது

செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் கணினி வாங்கி கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் சேர்த்துக்கொள்வது பலர் செய்வது. எஃப்சிக்கு இந்த வழி இப்போது ஆபத்தானது. குறைந்தபட்சத் தேவை ஐ5-6600கே அல்லது ரைசன் 5 1600, 8 ஜிபி ரேம், 4 ஜிபி கொண்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 570, வட்டில் 100 ஜிபி இடம். இவை இருந்தாலும் எஃப்சி 26-க்கு செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு கணினிப் பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். ஏமாற்றுவோரைப் பிடிக்கும் மென்பொருள் இவை இல்லாமல் ஆட்டத்தைத் திறக்கவிடாது. நான்காம் தலைமுறை ஐ5 கணினிகள் பெரும்பாலும் இங்கேயே அடிபட்டுப் போகும்.

கடையில் கணினியை ஆன் செய்து விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். பயாஸ் மோடு என்ற வரியில் யூஈஎஃப்ஐ என்றும் செக்யூர் பூட் ஸ்டேட் வரியில் ஆன் என்றும் இருந்தால் நிம்மதி. லெகசி என்று இருந்தால் அவசரப்பட்டு பயாஸில் மாற்றிவிடாதீர்கள். வட்டு பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் விண்டோஸ் திறக்காது. முதலில் கோப்புகளை வேறு டிரைவில் எடுத்து வைத்து, வட்டை ஜிபிடி முறைக்கு மாற்றிய பிறகே யூஈஎஃப்ஐக்குப் போக வேண்டும். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஈஃபுட்பால் இவ்வளவு கேட்காது. சுமார் 50 ஜிபி இடம் இருந்தால் போதும், பழைய கார்டிலும் ஓடும். லினக்ஸில் ஓடும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள் எஃப்சியை மறந்துவிடலாம், ஏமாற்றுவோரைப் பிடிக்கும் அந்த மென்பொருள் லினக்ஸில் இயங்காது.

அணியை நடத்த ஆசை என்றால்

ஃபுட்பால் மேனேஜர் வேறு வகை. பந்தை நீங்கள் தொடவே மாட்டீர்கள். யாரை வாங்குவது, யாருக்கு ஓய்வு, எந்த அமைப்பு, இளைஞர் அணியில் யார் தேறுவான் என்பதே ஆட்டம். 25-ஆம் பதிப்பை 2025 பிப்ரவரியில் ரத்து செய்துவிட்டார்கள். 2025 நவம்பர் 4-இல் வந்த ஃபுட்பால் மேனேஜர் 26 யூனிட்டி என்ற புதிய மென்பொருள் அடித்தளத்தில் எழுதப்பட்டது. பெண்கள் கால்பந்து முதன்முறையாக வந்தது, பிரீமியர் லீக் உரிமம் வந்தது, பந்து நம்மிடம் இருக்கும்போது ஓர் அமைப்பு, இல்லாதபோது வேறோர் அமைப்பு என்று தனித்தனியாக வரையலாம். இந்த ஒன்றுக்காகவே வியூகப் பிரியர்கள் வாங்கலாம். பழைய பதிப்பில் பழகியவர்களுக்குத் திரை அமைப்பு முழுக்க மாறிவிட்டது எரிச்சலாக இருக்கும். நாட்டு அணியை நடத்தும் வசதியும் வெளியீட்டின்போது இல்லை.

தொடங்கும்போது பத்து நாட்டு லீக்குகளையும் டிக் செய்துவிடுவதுதான் சாதாரண லேப்டாப்பில் எல்லோரும் செய்யும் தவறு. ஒவ்வொரு லீக்கின் ஒவ்வோர் ஆட்டத்தையும் கணினி பின்னணியில் கணக்கிடுவதால், ஒரு நாள் நகர நிமிடக்கணக்கில் காத்திருக்க நேரும். ஒரு நாடு, அதில் இரண்டு மூன்று நிலை லீக்குகள் போதும். பிறகு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டீமை ஆஃப்லைனில் போட்டால் நெட்டே இல்லாமல் ஓடும். மழைக்கால எஸ்டேட் இரவுகளுக்கு இதுபோல் பொருந்தும் ஆட்டம் வேறில்லை.

யுஎஃப்எல் என்ற இன்னொரு கால்பந்து ஆட்டம் 2024 டிசம்பர் 5-இல் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில் காசில்லாமல் வந்தது. ஈஃபுட்பால் சலித்தவர்கள் ஒரு மாலை இறக்கிப் பார்க்கலாம்.

பணம் எங்கே போகிறது

எஃப்சியின் விலை பெட்டிமேல் எழுதியிருப்பதோடு முடிவதில்லை. பிளேஸ்டேஷனில் நெட்டில் ஆட பிளஸ் சந்தா தனி. ஈஃபுட்பால், யுஎஃப்எல் போன்ற இலவச ஆட்டங்களுக்கு அந்தச் சந்தா தேவையில்லை, ஆண்டு முழுக்க நெட்டில் ஆடுபவருக்கு இது பெரிய மிச்சம். ஆனால் இரண்டு பக்கமும் பேக், டிரா என்ற குலுக்கல்கள் காத்திருக்கின்றன. அல்டிமேட் டீமில் பேக் திறந்தால் எந்த ஆட்டக்காரர் வருவார் என்பது அதிர்ஷ்டம். சிறந்த அட்டைகளின் வாய்ப்புச் சதவீதம் மிகச் சிறியது, அதை வாங்கும் திரையிலேயே பார்க்கலாம். அடுத்த செப்டம்பரில் புதிய பதிப்பு வந்ததும் இந்த ஆண்டு சேர்த்த அணி அப்படியே பழைய ஆட்டத்தில் நின்றுவிடும். பேக்குக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஆடி ஆடிக் கிடைக்கும் நாணயத்தில், சந்தையில் வேண்டிய ஆளை நேரடியாக வாங்குவது மெதுவானாலும் நிச்சயமானது.

பெற்றோர்கள் ஆட்டம் வாங்கிய அன்றே செய்ய வேண்டியது: பிளேஸ்டேஷனில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு, குடும்ப நிர்வாகத்தில் மாதச் செலவு வரம்பு பூஜ்ஜியம். ஃபோனில் பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைப்பது. எஃப்சிக்குள் பிளேடைம் என்ற பகுதியில் வாரத்துக்கு எத்தனை ஆட்டம், காசுக்கு வாங்கும் எஃப்சி புள்ளிகள் எத்தனை என்று வரம்பு போடலாம்.

வெளியீட்டு வாரத்தில் முழு விலை கொடுக்க வேண்டியவர், அல்டிமேட் டீமை முதல் நாளிலிருந்து ஆடப்போகிறவர் மட்டுமே. கிக் ஆஃபும் கரியரும்தான் வேண்டும் என்றால் நவம்பர் கடைசித் தள்ளுபடி வரை பொறுத்தால் விலை நன்றாக இறங்கும். இன்னும் பொறுக்க முடிந்தால், அடுத்த பதிப்பு வருவதற்குச் சில மாதம் முன்பு ஆட்டம் ஈஏ நிறுவனத்தின் ஈஏ பிளே சந்தாவுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அதே ஈஏ பிளேயில் புதிய பதிப்பை 10 மணி நேரம் ஆடிப் பார்க்கும் வசதி உண்டு. எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் அல்டிமேட் சந்தா வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது. அந்தப் பத்து மணியை வீணாக்காமல் இருக்க, மெனுவில் உட்கார்ந்திருந்தாலும் கடிகாரம் ஓடும் என்பதை மறக்காதீர்கள். எழுந்து போகும்போது ஆட்டத்தை முழுவதுமாக மூடுங்கள். முதல் இரண்டு மணி கிக் ஆஃபில் இரண்டு நடைகளையும் மாற்றி மாற்றி ஆடுங்கள். அடுத்த மூன்று மணி கரியர், கணினி வைத்திருப்பவர்கள் இதில் படம் வெட்டி வெட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். மிச்சம் ஐந்து மணியை, நீங்கள் வழக்கமாக ஆடும் இரவு நேரத்தில், வீட்டு நெட்டில் ரஷ்ஷும், அல்டிமேட் டீமின் ரைவல்ஸ் போட்டியும் ஆடுங்கள். பாஸ் தாமதமாகப் போனால் முழு ஆட்டம் வாங்கினாலும் அதே தாமதம்தான். சரியாக ஓடினால் வாங்குங்கள், சோதனையில் ஆடிய கரியரும் அணியும் அப்படியே தொடரும்.